மாடி இல்லாத வீடு

கேள்வி: ஓய்வுபெற்ற நாங்கள் இருவரும் வீடு வாங்க எண்ணுகிறோம். மாடி வீட்டைவிடத் தரைத்தளத்தோடு முடியும் தனி வீடே நல்லது என்கிறார்களே, உண்மையா? – வாசகி, தக்கலை

பதில்: உண்மைதான். முழங்கால் வலி வந்தபின் மாடி அறைகள் பூட்டியே கிடப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். படுக்கையறையும் குளியலறையும் ஒரே மட்டத்தில் இருப்பது முதுமைக்குப் பெருந்துணை. ஆனால் அதே பரப்பைத் தரையிலேயே விரித்துக் கட்டுவதால் அடித்தளமும் கூரையும் பெருகும். கூடுதல் சென்ட் நிலமும் வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரு பருவமழைகளும் பெய்வதால், வயலை நிரப்பிக் கட்டிய வீடென்றால், ஒதுங்க மேலே ஓர் அறையும் இல்லாத நிலையில் வெள்ளம் நேரே கட்டிலடிக்கு வந்துவிடும். எனவே முன்பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்றிதழோடு, பட்டாவில் நிலம் நன்செய்யா (பாசன வயல்) புன்செய்யா (மேட்டு நிலம்) என்பதையும் பாருங்கள். அடைமழை நாளொன்றில் நேரில் சென்று, சுவரின் அடியில் ஈரக்கறை ஏறியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.