ஃபெஸ் நகரத்துச் சந்துகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் மொராக்கோ போகிறேன். ஃபெஸ் பழைய நகரச் சந்தைக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். வழிகாட்டி தேவையா? எந்தத் திட்டமும் இல்லாமல் வளர்ந்த ஊர், வழி தெரியாமல் தொலைந்து திரிவதுதான் சுகம் என்கிறார்கள். தோல் பதனிடும் இடத்தில் நாற்றம் தாங்காதாம். உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு நடுவே அதை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்?

செ.

அன்புள்ள செ.,

முதல் நாள் மட்டும் உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

திட்டமில்லாத ஊர் என்று யார் சொன்னது? ஃபெஸ் சரிவில் அமைந்த ஊர். மேலே பூ ஜலூத் வாசல். அங்கிருந்து தலா கபீரா தெரு இறங்கி, 859-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் மசூதிப் பக்கம் கொண்டுவந்து விடும். அதற்கும் கீழே ஆறு. வழி தவறினால் ஏறுங்கள், வாசல் வரும். இறங்குங்கள், மசூதி வரும். மசூதியை ஒட்டி வாசனைப் பொருள்களும் துணியும். ஊரை நிறுவியவராகப் போற்றப்படும் முலாய் இத்ரீஸ் அடக்கத்தலத்தருகே மெழுகுவத்தியும் மிட்டாயும். தண்ணீர் தேவைப்படும் சாயமும் தோலும் ஆற்றோரம். செம்புப் பாத்திரக்காரர்கள் மட்டும் கரவிய்யீன் நூலகத்துக்குப் பக்கத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைத்தெருவில் தாராளமாகத் தொலைந்து போங்கள். அதிலிருந்து பிரியும் 'தர்ப்' சந்துகளில் வேண்டாம். பெரும்பாலும் முட்டுச்சந்துகள் அவை. தெருவைப் பார்த்து ஜன்னல் வைக்காமல் உள்முற்றத்தைப் பார்த்துக் கட்டிய வீடுகள். சந்து முடிகிற இடம் யாரோ ஒருவர் வீட்டு நிலைப்படி. அங்கே கேமராவோடு போய் நிற்பதற்குப் பெயர் ஊர் சுற்றுவதா? உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் அப்படி வந்து நின்றால் சும்மா இருப்பீர்களா?

அப்படி ஒரு சந்துமுனையில் பொது ரொட்டி அடுப்பைப் பார்த்தேன். ஒரு சிறுமி பலகையில் வட்டவட்டமாகத் தட்டிய மாவைத் துணி மூடிக் கொண்டுவந்தாள். சுடுகிறவர் நீளக் கட்டைத் துடுப்பில் ஏற்றி உள்ளே தள்ளினார். அப்புறம் இன்னொரு பலகை, இன்னொன்று. சீட்டு கிடையாது, பெயர் எழுதுவது கிடையாது. எந்த ரொட்டி எந்த வீட்டுக்கு என்று அவர் தடுமாறவே இல்லை. பேட்டைதோறும் பள்ளிவாசல், தண்ணீர்க் குழாய், குளியல்கூடம், இப்படி ஓர் அடுப்பு, பிள்ளைகளுக்குக் குர்ஆன் பள்ளி. இதைவிட என்ன திட்டம் வேண்டும்?

1912-இல் மொராக்கோ பிரெஞ்சுக்காரர்கள் ஆளுகைக்குள் வந்த பிறகு அவர்கள் வெளியே புதுநகரம் கட்டினார்கள். வசதியானவர்கள் பலரும் மெல்ல வெளியேறிவிட்டார்கள். கிராமத்து ஏழைகள் வந்து பெரிய வீடுகளைக் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பிரித்துக்கொண்டு குடியிருந்தார்கள். 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேரும்வரை ஊரை உயிரோடு வைத்திருந்ததில் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்கள் பிழைப்பைத்தான் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் ஊறினால்தான் அந்தத் தோல் மெத்தென்று ஆகும். நீங்கள் மாடியில் நின்று பார்ப்பீர்கள், மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினா தருவார்கள். கீழே தொட்டிக்குள் இறங்கி நாள் முழுக்க மிதிப்பவரின் காலும் கையும் என்ன ஆகின்றன என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே, செ.? கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சரி, நல்லபடியாகப் போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து 'பலாக்!' என்று குரல் கேட்டால் உடனே சுவரோடு ஒட்டி நின்றுவிடுங்கள். சுமை ஏற்றிய கழுதை வரும், அதற்கு வழி விட வேண்டும்.