கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: ரோபோவா, வயிற்றைத் திறந்தா?

கேள்வி: அம்மாவுக்கு 47 வயது. விடாத உதிரப்போக்குக்காகக் காட்டியபோது, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் வந்தது. எம்ஆர்ஐயில் கட்டி 3 செ.மீ., ஆரம்ப நிலை, வேறெங்கும் பரவவில்லை. அரசு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் அறிமுகமான ஒருவர், தனியார் மருத்துவமனையில் ரோபோ மூலம் செய்தால் மூன்றே நாளில் வீடு திரும்பலாம், இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்கிறார். எதைச் செய்வது?
- டெல்டா மாவட்ட வாசகி

பதில்: வயிற்றைத் திறந்தே செய்துகொள்ளட்டும். முன்பணம் கட்டாதீர்கள்.

2018 வரை டாக்டர்களான எங்களில் பலரும், வயிற்றில் சில துளைகள் மட்டும் போட்டு கேமராவும் கருவிகளும் (லேப்ராஸ்கோப்பி), அல்லது ரோபோ கைகளும் விட்டுச் செய்யும் சிறு துளை ஆபரேஷனைத்தான் விரும்பினோம். தழும்பு சிறியது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அந்த ஆண்டு வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. உங்கள் அம்மாவைப் போல ஆரம்ப நிலையில் இருந்த 631 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும், மற்றவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ வழியாகவும் செய்தார்கள். நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்த பிரிவில் நூற்றுக்கு 96.5, சிறு துளைப் பிரிவில் 86. உயிரிழப்பும் சிறு துளைப் பிரிவில்தான் கூடுதல். அதனால் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். கர்ப்பப்பையைத் தள்ளிப் பிடிக்க உள்ளே செலுத்தும் கருவி கட்டியை அழுத்துவதும், வயிற்றில் நிரப்பும் வாயுவும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம்.

இது தெரிந்தும் ரோபோவை விற்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் உங்களைப் பிடித்தவருக்கு நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கமிஷன் கிடைக்கும். ‘இந்த வாரமே’ என்று அவசரப்படுத்துவது நீங்கள் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. மூன்று வாரம் பொறுப்பதால் பொதுவாக இந்த நிலையில் கெடுதல் வராது. மாதக்கணக்கில் தள்ளிப்போனால்தான் ஆபத்து. ஆனாலும் எனக்குக் கோபம் அந்தத் தரகர் மேல் மட்டும் இல்லை. எம்ஆர்ஐக்கு ஒரு வரிசை, பயாப்ஸி முடிவுக்கு ஒரு வரிசை, தியேட்டருக்கு ஒரு வரிசை. எத்தனை நாள் ஆகும், ஏன் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பயந்துபோன குடும்பத்தை அப்படி வராந்தாவில் நிறுத்தினால் தரகர் வரத்தான் செய்வார்.

அந்த ஆள் இன்னொன்றும் சொல்லக்கூடும்: ‘இப்போது சின்ன ஆபரேஷனே போதும் என்று புது ஆய்வு வந்திருக்கிறதே!’ வந்திருப்பது உண்மை. 2024-இல் வெளியானது. சாதாரணமாகக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும், சுற்றுத் திசுவோடு சேர்த்து எடுத்தாலும் மூன்று ஆண்டில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்புவது ஏறக்குறைய ஒரே அளவு என்று காட்டியது. சின்ன ஆபரேஷனில் சிறுநீர்த் தொல்லையும் குறைவு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களுக்குக் கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தது. அதோடு, கர்ப்பப்பை வாயின் சுவருக்குள் அது ஆழமாக இறங்கியிருக்கக் கூடாது. இரண்டும் பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் போதாது. அந்த ஆய்வில் பலருக்குச் சிறு துளை வழியே செய்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு 3 செ.மீ. கட்டிக்கும் அதையே சொன்னால், ஏமாறாதீர்கள். அம்மாவின் எம்ஆர்ஐ தாளில் எழுதியிருக்கும் அளவுதான் பேச வேண்டும்.

அம்மாவுக்குத் தேவை பெரிய ஆபரேஷன்: கர்ப்பப்பை, அதன் இரு பக்கத்துத் திசு, யோனியின் மேல்பகுதி, இடுப்பு நிணநீர் முடிச்சுகள் எல்லாம் எடுக்கப்படும். ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று பக்கத்து நர்சிங் ஹோமில் சாதாரண ஆபரேஷன் செய்துவிட்டு, அப்புறம் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்புவதை அடிக்கடி பார்க்கிறோம். அப்படி வருபவர்களில் பலருக்கு ரேடியேஷனும் சேர்ந்துவிடுகிறது. ஆபரேஷன், ரேடியேஷன் இரண்டில் எதைத் தனியாகச் செய்தாலும் ஆரம்ப நிலையில் பிழைப்போர் விகிதம் ஒன்றுதான் என்று 1997-லேயே இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்தான் பக்கவிளைவு கூடுகிறது. அதனால், ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷனும் சேர வேண்டிவருமா என்பது முன்பே தெரிய, நிணநீர் முடிச்சில் வீக்கம் உண்டா என்று ஆபரேஷனுக்கு முன்பே எம்ஆர்ஐயை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள், சிலருக்கு ஓரிரு வாரம், சிறுநீர்க் குழாய் இருக்கும். கால் வீக்கம் வரலாம். சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். புற்றுநோயின் வகையைப் பார்த்துச் சொல்வார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் நீங்களே கொடுங்கள். ‘அனுமதி வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் அட்டையும் கூடாது, பணமும் கூடாது.

ஆபரேஷன் செய்யப்போவது பெண்கள் புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்றவர்தானா என்று நேரடியாகக் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. இன்னொரு டாக்டரிடம் காட்ட விரும்பினால் எம்ஆர்ஐ சிடியோடு பயாப்ஸி ஸ்லைடு, அந்தச் சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். லேபில் இழுத்தடித்தால், நிலைய மருத்துவ அலுவலரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.