பழைய ஸ்னோபோர்டு வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வசிக்கிறோம். என் 19 வயது மகன், புதுப்பனியிலும் சீரமைத்த பாதையிலும் ஓட்டக்கூடிய 160 செ.மீ. ஸ்னோபோர்டு ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறான். விலை 420 பிராங்க். கூர் நகரில் உள்ள விற்பனையாளர், "மூன்று முறைதான் ஓட்டினேன், ட்விண்ட்டில் பணம் அனுப்பினால் தபாலில் அனுப்புகிறேன்" என்கிறார். மகனின் பூட்ஸ் அளவு 44. நம்பி வாங்கலாமா? அவனுடைய பழைய பலகையை எப்படி விற்பது?

பதில்: சகோதரி, பணத்தை அனுப்ப வேண்டாம். ட்விண்ட் என்ற கைபேசிச் செயலியில் போன பணத்தை, பொருள் வரவில்லை என்பதற்காகத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். விண்டர்தூரிலிருந்து கூருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். மகனையும் அவனுடைய பூட்ஸையும் அழைத்துச் சென்று, பலகையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அங்கேயே பணம் கொடுங்கள். நேரில் வர வேண்டாம் என்று விற்பவர் தட்டிக்கழித்தால், அந்த வியாபாரத்தை அத்துடன் விட்டுவிடுங்கள்.

பூட்ஸை எடுத்துச் செல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீரமைத்த பாதையில் செய்யும் கார்விங் என்பது பலகையை ஏறக்குறைய நிமிர்த்தி, எஃகு விளிம்பின் மேலேயே வளைந்து போவது. பலகையின் நடுப்பகுதி ஒடுக்கமாக இருந்தால், அப்படிச் சாயும்போது பூட்ஸின் நுனி பனியில் உரசி ஓட்டுபவரைத் தூக்கி எறிந்துவிடும். 44 அளவுள்ள காலுக்கு நடு அகலம் 26 செ.மீ. அளவிலாவது இருக்க வேண்டும். விளம்பரத்தில் நீளத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அளவுநாடா ஒன்றையும் கொண்டு போங்கள்.

பலகையைக் கையில் எடுத்ததும் மேலே உள்ள படத்தைப் பார்க்காமல் புரட்டுங்கள். எஃகு விளிம்பு முழுவதிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். புதிதில் அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். தீட்டத் தீட்டத் தேயும். மூன்று முறை ஓட்டியதாகச் சொல்லப்படும் பலகையில் அது பாதியாகத் தேய்ந்திருந்தால், அவர் சொன்ன வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை. மேலோட்டமான துரு பிரச்சினை அல்ல, அதைத் தேய்த்து எடுத்துவிடலாம்; விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். அடுத்து, ஒரு நாணயத்தால் பலகை நெடுகத் தட்டுங்கள். ஒலி ஒரே மாதிரி 'டக் டக்' என்று வர வேண்டும். ஓரிடத்தில் மந்தமாக, உள்ளீடற்ற ஒலி கேட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு திருகுத் துளையிலும் ஒரு திருகை விரலாலேயே சுற்றிப் பாருங்கள்; அது சிக்காமல் உள்ளே போக வேண்டும்.

அடிப்பகுதியில் நிறம் மாறிய ஒட்டு ஒன்று தெரிந்தால் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். அது தேவையற்ற பயம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பாறையில் உரசி மரம் தெரியும்வரை கிழிந்த பலகையைக்கூட, உள்ளே ஈரமில்லாமல் நன்றாக உலர்த்தி, அதே வகை பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்பி, மட்டமாகச் சீவிவிட்டால் அது பல பருவங்கள் உழைக்கும். ஆனால் அந்த ஒட்டு விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு விரல் அகலம் தள்ளி இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடோ பள்ளமோ தட்டக் கூடாது. நகத்தால் கிளப்பினால் ஓரம் எழும்பக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஒட்டைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். விளிம்பை ஒட்டியே இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் அங்கே ஓட்டும்போது வரும் அழுத்தம் ஒட்டைப் பெயர்த்துவிடும்.

நான் உண்மையில் அஞ்சுவது இடைத்தரகர்களைத்தான். பருவம் முடியும் ஏப்ரலில் அடிபட்ட பலகைகளை அள்ளி வாங்கி, மெழுகு பூசிப் பளபளப்பாக்கி, நவம்பரில் "என் சொந்தப் பலகை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சென்ற குளிர்காலத்தில் ஓர் இளைஞர் அப்படி வாங்கிய பலகையை என் பணிமனைக்குக் கொண்டுவந்தார். வால் பக்கம் கரடிப் படம் போட்ட ஒட்டுப்படம் ஒன்று இருந்தது. அதை உரித்தால் கீழே பசை தடவிய வெடிப்பு. பிடிச்சிராவியில் வைத்து இறுக்கியபோது எஃகுக்கும் பக்கச்சுவருக்கும் நடுவிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் துளித்துளியாகக் கசிந்தது. உள்ளே மரம் ஊறிவிட்டது. அதைச் சீராக்க வழியே இல்லை. அவருக்கு அது மூன்று மாதச் சேமிப்பு. ஆகையால் ஒட்டுப்படம் இருந்தால் அதை உரித்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

சட்டமும் கைகொடுப்பது குறைவு. தனிநபர் விற்பனையில் "உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை என்றாகிவிடும். குறையை வஞ்சகமாக மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான், சுவிஸ் கடப்பாட்டுச் சட்டம் 199ஆம் பிரிவின்படி அந்த வரி செல்லாது. குறை கண்டால் உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது 201ஆம் பிரிவு. 'உடனே' என்றால் எத்தனை நாள் என்று அதில் இல்லை. மலைக்குப் போக இரண்டு வாரம் காத்திருக்கும் சாதாரண மனிதர் என்ன செய்வார்? திருட்டுப் பலகையாக இருந்தால் உரியவர் ஐந்து ஆண்டுவரை உங்களிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கலாம். அப்படியிருந்தும் விளம்பரத் தளங்கள் வரிசை எண்ணைக் கட்டாயமாக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பலகையில் பொறித்த எண் இருந்தால் அதையும், விற்பவர் பெயர், முகவரி, தேதி, விலை ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் கடைக்காரரின் ரசீதையும் கேளுங்கள்.

உங்கள் பழைய பலகையை இப்போதே அவசரமாக விற்க வேண்டாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் நல்ல விலை கிடைக்கும். அப்போது ஊர்களில் நடக்கும் பழைய பனிச்சறுக்குப் பொருள் சந்தையில் கொடுக்கலாம். விற்ற விலையில் ஒரு பங்கைச் சந்தை நடத்துபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடிப்பகுதியையும் விளிம்புகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, கீறல் இருக்கும் இடத்தை நீங்களே எழுதிவிடுங்கள். சொல்லி விற்ற குறைக்குப் பின்னால் சண்டை வராது. அதுவரை பைண்டிங்கைக் கழற்றி, விளிம்புகளையும் மூடும்படி மெழுகைத் தடிப்பாகப் பூசி, ஈரமான நிலவறையில் அல்லாமல் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.