மேனேஜர் என்றால் வார விடுமுறை கிடையாதா?

கேள்வி: சேலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிளையில் நான்கு வருடமாக ஸ்டோர் மேனேஜராக இருக்கிறேன். 22 பேர் இருக்க வேண்டிய கடையில் இப்போது 13 பேர்தான். காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால், கேஷ் குளோசிங் முடித்துக் கிளம்ப இரவு பதினொன்று ஆகிறது. வீக் ஆஃப் எடுத்து ஆறு வாரம் ஆகிவிட்டது. கேட்டால், "மேனேஜருக்கு டியூட்டி டைம் கிடையாது" என்கிறார் ஏரியா மேனேஜர். போன ஸ்டாக் ஆடிட்டில் வந்த ஷார்ட்டேஜை (சரக்குக் குறைவை) மூன்று மாதமாக என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இப்போது உள்ளூர் மேன்பவர் ஏஜென்ட் ஒருவர், தீபாவளிக்குள் ஆள் தருகிறேன், கடை சார்பில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போடாதீர்கள், சகோதரி. நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவற்றைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

காரணம் இதுதான். 1947ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் மேனேஜர் இரண்டு இடத்தில் வருகிறார். 4ஆம் பிரிவில், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இருக்கிறது. அதாவது எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, இரட்டிப்பு ஓவர்டைம் எதுவும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அதே சட்டம் "முதலாளி" யார் என்று சொல்லும் இடத்தில் மேனேஜரையும் சேர்த்துக்கொள்கிறது. சலுகை என்று வரும்போது நீங்கள் தொழிலாளி இல்லை, தப்பு என்று வரும்போது நீங்களே முதலாளி. எத்தனையோ முறை திருத்திய சட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறார்கள். முதலாளியின் மைத்துனர் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்துக்கு எழுதியது அது. சட்டைப் பையில் "மேனேஜர்" பேட்ஜ் குத்திக்கொண்டு, லாரியிலிருந்து எண்ணெய்ப் பெட்டி இறக்குகிற இன்றைய சம்பளக்காரர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

இப்போது உங்கள் ஏரியா மேனேஜர் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி. நிர்வாகப் பொறுப்பு என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. நீதிமன்றங்கள் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, அன்றாடம் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்க்கின்றன. ஆளை வேலைக்கு எடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா? லீவு கொடுப்பது நீங்களா, தலைமை அலுவலக ஹெச்.ஆரா? பத்து ரூபாய் தள்ளுபடி கொடுக்கவே மேலே கேட்க வேண்டுமா? நாளில் பாதி நேரம் பில்லிங் கவுண்டரில்தான் நிற்கிறீர்களா? இதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதைப் படித்ததும் "அப்போ நான் தொழிலாளிதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் நிறையப் பேர் தவறான தைரியத்தோடு வந்து ஏமாந்துபோகிறார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தானும் தொழிலாளிதான் என்று கரோனா சாஹு செருப்புக் கம்பெனியின் சண்டிகர் கடை மேனேஜர் போட்ட வழக்கு. பதவிப் பெயர் முக்கியமில்லை, வேலையின் தன்மைதான் முக்கியம் என்று நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஆனால் அவர் தோற்றுப்போனார். கடையில் ஆள் குறைவு என்பதால் அவரும் கணக்கு எழுதுவது போன்ற வேலைகளைச் செய்திருக்கிறார். இருந்தாலும் அவருடைய முதன்மையான வேலை கடையை நிர்வகிப்பதுதான் என்று தீர்ப்பானது. ஆகவே "நானும்தான் பில் போட்டேன்" என்று சொன்னால் போதாது. பெரும்பாலான நேரம் அதற்குத்தான் போனது, முடிவெடுக்கும் அதிகாரம் கையில் இல்லை என்று காட்ட வேண்டும். அதைக் காட்ட இன்றைக்கு உங்களிடம் ஒரு தாள்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. இந்தச் சட்டம் ஒருவருக்குப் பொருந்துமா பொருந்தாதா என்ற சந்தேகம் வந்தால், 51ஆம் பிரிவின்படி முடிவு சொல்ல வேண்டியவர் தொழிலாளர் ஆணையர். அவருடைய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. நீங்கள் செய்யும் வேலையை விவரமாக எழுதி மனுக் கொடுக்கலாம். பதில் எப்போது வரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஆறு வாரமாக லீவே இல்லாமல் நிற்கிற மனுஷிக்கு இந்தச் சட்டம் இருக்கா இல்லையா என்று சொல்ல எத்தனை கோப்பு எத்தனை மேசை ஏற வேண்டியிருக்கிறது! எனக்கு ஆத்திரம் வருவதே இங்கேதான்.

சரி, மேன்பவர் ஏஜென்ட் விஷயம். நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தலைமை அலுவலகத்தோடு ஒப்பந்தம் போடுவார்கள். கிளை மேனேஜரைத் தேடி வருகிறவரைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். முதலில் "ஒரு ஒர்க் ஆர்டர் மட்டும் கடை சீல் வைத்துக் கொடுங்கள்" என்பார். பத்து பேர் வருவார்கள். மாதக் கடைசியில் வருகைச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். நீங்கள் இரவு பத்தரைக்கு கேஷ் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். "மேடம், ஒரு சைன் மட்டும்" என்பார். அதில் பதினாலு பெயர் இருக்கும். வராத நாலு பேருக்கும் கம்பெனி பணம் போகும். ஒரு வருடம் கழித்து ஆடிட் வரும்போது ஏஜென்ட் போனை அணைத்துவிடுவார். மோசடியில் பங்கு என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது கையெழுத்துப் போட்டவருக்குத்தான்.

இன்னொரு பக்கம், பையன்களிடம் பி.எஃப். பிடித்திருப்பார், கட்டியிருக்க மாட்டார். யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்து உமங் என்ற அரசு செயலியில் பாஸ்புக்கைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எண் இன்னும் வரவில்லை என்று இரண்டாவது மாதமும் சொன்னால், வரப்போவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை சீசனில் ஆதார் நகலில் வயதைத் திருத்திப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் உண்டு. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆள் இல்லை என்ற அவசரத்தில் அசலைக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள், அதை நம்பித்தான் அனுப்புகிறார்.

அதனால் ஏஜென்ட்டிடம் ஒரே பதில்: "தலைமை அலுவலகத்தில் பேசுங்கள், அங்கிருந்து மெயில் வந்தால் ஆளை எடுத்துக்கொள்கிறேன்." அப்புறம் வருகைச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால், மொத்தம் எத்தனை பேர் என்று உங்கள் கையாலேயே எண்ணிலும் எழுத்திலும் எழுதி, காலி வரிகளைக் குறுக்கே அடித்துவிட்டுப் போடுங்கள்.

கடைக்குள்ளேயும் இதே கதைதான். எட்டு மணி நேரம் ஆனதும் "பஞ்ச் அவுட் பண்ணிட்டு வந்து ஃப்ளோரைப் பாருங்க" என்று ஸ்டாஃபிடம் சொல்வது இப்போது பல கிளைகளில் பழக்கமாகிவிட்டது. மெஷினில் எட்டு மணி நேரம், உண்மையில் பன்னிரண்டு. பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகள் வருடம் முழுக்க எந்நேரமும் திறக்கலாம் என்று 2019 முதல் இருக்கும் அரசாணையின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 57 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. ஓவர்டைம் கணக்கில் காட்டாமல் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் நடவடிக்கை முதலாளி அல்லது மேனேஜர் மேல். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்க அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும். ஏரியா மேனேஜர் வாயால் சொன்னதற்கு நீங்கள் எழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஷார்ட்டேஜ் பிடித்தத்தில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு மேனேஜர்களுக்கும் பொருந்தும். சரக்குக் குறைவுக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், அந்தச் சரக்கு உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நஷ்டம் நேரடியாக உங்கள் அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களிடம் விளக்கம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. 22 பேர் பார்க்க வேண்டிய ஃப்ளோரை 13 பேர் பார்த்தால் திருட்டும் போகும், சரக்கு வரவுப் பதிவில் பிழையும் வரும். அது ஆளைக் குறைத்தவர்களின் அலட்சியம். "எந்த விசாரணையின் அடிப்படையில் பிடித்தீர்கள், கணக்கு அனுப்புங்கள்" என்று மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சட்டத்தின்படி உரிமைகோரல் மனுக் கொடுக்க மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. "ஷார்ட்டேஜுக்கு நானே பொறுப்பு" என்று அச்சடித்த சம்மதக் கடிதத்தை நீட்டினால் கையெழுத்து வேண்டாம்.

உணவுப் பொருள் விற்கும் கடை என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 66ஆம் பிரிவில், கிளைக்குப் பொறுப்பாளர் என்று கம்பெனி ஒருவரை நியமித்திருந்தால் அந்தக் கிளையின் தப்புக்கு அவரே பொறுப்பு. அதற்குப் படிவம் 9 என்று ஒரு தாள். லைசென்ஸ் வேலை பார்க்கும் கன்சல்டண்ட்கள் வேறு தாள்களோடு சேர்த்து இதிலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீங்கள் போட்டீர்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிருந்தால், எக்ஸ்பைரி பார்க்க ஆள் இல்லை என்பதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

எழுத்தில் என்றால் எப்படி? திங்கள்கிழமை தோறும் ஏரியா மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் நாலு வரி மெயில். "அனுமதிக்கப்பட்ட ஆட்கள் 22, இந்த வாரம் வந்தவர்கள் 13. நான் வேலை செய்தது இத்தனை மணி நேரம், அதில் பில்லிங்கும் சரக்கு இறக்குவதும் இத்தனை. வீக் ஆஃப் எடுக்க முடியவில்லை. ஆள் இல்லாததால் பால் பொருட்கள், பிஸ்கட் வரிசையில் எக்ஸ்பைரி சோதனை நடக்கவில்லை." புலம்பல் வேண்டாம், எண்கள் போதும். வாட்ஸ்ஆப் குரூப்பில் மட்டும் போட்டால், நீங்கள் விலகும் அன்று குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். கம்பெனி மெயிலும் பூட்டிவிடும். அதனால் தினமும் வந்த நேரம், போன நேரம், என்ன வேலை என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ரோஸ்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். விற்பனைக் கணக்கையும் வாடிக்கையாளர் போன் எண்களையும் மட்டும் வெளியே எடுக்காதீர்கள், அதை வைத்தே உங்களைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள்.

இந்த மெயில்கள் போக ஆரம்பித்ததும் "ராஜினாமா கொடுத்துவிடுங்களேன்" என்று நயமாகப் பேசுவார்கள். மேசையில் உட்காரவைத்து எழுதச் சொன்னால் எழுதாதீர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். நீங்களாகவே விலக முடிவெடுத்தால், சொந்தக் காரணம் என்று எழுத வேண்டியதில்லை. உள்ள காரணத்தை எழுதுங்கள், பிடித்த ஷார்ட்டேஜ் தொகையைத் திருப்பிக் கேட்டிருப்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ரிலீவிங் லெட்டருக்காக வெள்ளைத் தாளிலோ "பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளிலோ கையெழுத்துக் கேட்டால், பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு போடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.