423தான் சரி, 355 அல்ல

‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்று தொடங்குவது 423ஆம் குறள், அறிவுடைமை அதிகாரம். உங்கள் பாளையங்கோட்டைப் பள்ளிச் சுவரில் எழுதப்போகும் இந்தக் குறளின் எண் எது என்று கேட்டிருந்தீர்கள்; 355 என்று சொன்னவர் குழம்பியதில் வியப்பில்லை. மெய்யுணர்தல் அதிகாரத்தில் வரும் 355க்கும் இரண்டாம் அடி இதே ‘மெய்ப்பொருள் காண்ப தறிவு’தான். முதலடி மட்டும் ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்று போகும். யார் சொன்னாலும் உண்மையைத் தேடு என்பது 423. பொருள் எப்படித் தோன்றினாலும் தேடு என்பது 355. பிள்ளைகள் தினமும் பார்க்கும் சுவர், எண் தவறக் கூடாது.

பெயின்டர் சாக்பீஸால் எழுதியதுமே சீர்களை எண்ணிப் பாருங்கள்: மேலே நான்கு, கீழே மூன்று. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர் நூலகச் சுவரில் இடம் போதாமல் முதலடியின் கடைசிச் சீரான ‘அப்பொருள்’ கீழே இறங்கிவிட்டது. இன்றும் கண்ணை உறுத்துகிறது. ‘வாய்க்’ என்பதன் ஒற்றும் விடுபடக் கூடாது.

‘காண்ப தறிவு’, ‘காண்பது அறிவு’ இரண்டும் அச்சில் உண்டு. சிறு பிள்ளைகளுக்குப் பிரித்தெழுதியதே நல்லது.