பள்ளிக்கூடம் மூடினால் தெருவுக்கு என்ன ஆகும்? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

28 வருடம் அரசுப் பள்ளி ஆசிரியை. நான் வேலை பார்த்த இரண்டு பள்ளிகள் என் கண் முன்னாலேயே மூடப்பட்டன. அதற்கப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு இதோ.

டீச்சர், பிள்ளைகளே இல்லாத பள்ளியை மூடினால் அரசுக்குப் பணம் மிச்சம்தானே?

மிச்சம் உண்டு, ஆனால் சொல்லுகிற அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் ஆறு நகரங்களில் மூடிய பள்ளிகளின் கணக்கை பியூ அறக்கட்டளை 2011-ல் எடுத்துப் பார்த்தது. ஒரு பள்ளிக்கு வருடம் 10 லட்சம் டாலர்கூட மிஞ்சவில்லை, அந்த ஊர்களின் பள்ளி பட்ஜெட்டில் அது சின்னத் தொகை. செலவில் பெரும்பங்கு சம்பளம்தான், பிள்ளைகளோடு ஆசிரியர்களும் அடுத்த பள்ளிக்குப் போய்விட்டால் சம்பளமும் கூடவே போகிறது. காலிக் கட்டடத்துக்குக் காவல் போட வேண்டும், கூரை ஒழுகினால் பார்க்க வேண்டும், தூரத்துப் பிள்ளைகளுக்கு வண்டி விட வேண்டும்.

இன்னும் நல்ல பள்ளிக்குத்தானே மாற்றுகிறார்கள், படிப்பு ஏன் கெடுகிறது?

சிகாகோவில் 2013-ல் ஒரே அடியாக சுமார் 50 பள்ளிகளை மூடினார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மூடப்போவதாக அறிவித்த அந்த வருடமே மதிப்பெண் இறங்கிவிட்டது, அதாவது பூட்டு விழுவதற்கு முன்னாலேயே. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பேச்சு கிளம்பிய நாளிலிருந்து என் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தினமும் மணி அடித்ததும் மேசைக்கு வந்து, "டீச்சர், நாளைக்கும் ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை எடுப்பாள். ஆசிரியர்கள் பாதிப் பேர் டிரான்ஸ்பர் கவலையில் இருந்தோம், நானும்தான். புதுப் பள்ளியில் பல மாதம் "நீ அந்த ஸ்கூல் பிள்ளை" என்ற பேச்சு ஓயவில்லை.

உண்மையிலேயே நல்ல பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகள் முன்னேறியதும் உண்டு. எல்லோருக்கும் அந்த இடம் கிடைப்பதில்லை.

எங்கள் பள்ளியை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இன்னொன்றோடு இணைக்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டர் ஒரு தூரமா?

உங்களுக்கு இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்குத் தூரம்தான். இந்தியாவில் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி நடந்து போகும் தூரத்தில், 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது சும்மா இல்லை.

எங்கள் பள்ளியை இணைத்தபோது புதுப் பள்ளி வரைக்கும் ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தையோடு நடந்து பார்த்தேன். நான் தனியாகப் போனால் 15 நிமிடம், அவளோடு 34 நிமிடம். பெரிய சாலை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தாள், ஒரு லாரி போனால் அடுத்தது வந்தது, கடைசியில் என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாள். நான் இல்லாத நாளில் யாரைப் பிடிப்பாள்? மழை நாளில் முதலில் வராமல் போவது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். சிகாகோவில் மூடியபோது பள்ளி போகும் வழியெல்லாம் பெரியவர்களைச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அங்கே பயம் வண்டிகளைவிடத் தெருச் சண்டைகளைப் பற்றியது.

எனக்குப் பள்ளி போகும் பிள்ளை இல்லை. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள். யார் வீட்டில் உடம்பு சரியில்லை, எந்த வீடு காலியாகிறது, யாருக்கு வேலை போனது, எல்லாம் அங்கேதான் பேசப்படும். அந்த இடம் போனால் பக்கத்துத் தெருக்காரர் முகமே மறந்துபோகிறது. வாக்குச்சாவடி, வெள்ளத்துக்கு ஒதுங்கும் இடம், விடுமுறையில் விளையாட்டுத் திடல் எல்லாம் அந்த ஒரே வளாகம்தான். சின்னப் பிள்ளை உள்ள குடும்பம் வீடு தேடும்போது முதலில் பள்ளி எங்கே என்றுதான் கேட்கும். இல்லை என்றால் வேறு தெரு பார்க்கும், பக்கத்தில் மிச்சமிருக்கிற பள்ளியிலும் பிள்ளைகள் எண்ணிக்கை இன்னும் குறையும்.

மூடியாகிவிட்டது. கட்டடத்தை என்ன செய்யலாம்?

சும்மா விடாதீர்கள், அவ்வளவுதான். ஜப்பானில் முரோட்டோ என்ற ஊரில் மூடிய தொடக்கப் பள்ளியை 2018-ல் மீன் காட்சியகமாக்கினார்கள். பிள்ளைகள் நீந்திய குளத்தில் இப்போது சுறாவும் ஆமையும் நீந்துகின்றன. அங்கே படித்தவர்கள் இன்றைக்கும் உள்ளே போய்த் தங்கள் வகுப்பறையைப் பார்க்க முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தடுக்க முடியுமா டீச்சர்?

முடிந்திருக்கிறது. சிகாகோவில் மூடிய டயட் (Dyett) என்ற உயர்நிலைப் பள்ளிக்காக 2015-ல் 12 பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள், 34 நாள் நடந்தது, 2016-ல் பள்ளி திரும்பத் திறந்தது. உங்களை அந்த அளவுக்குப் போகச் சொல்ல மாட்டேன், அவர்கள் உடம்பு பட்ட பாடு கொஞ்சமில்லை. அறிவிப்பு வரும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள், அதில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. புதுப் பள்ளிக்கு எந்த வழி, சாலை கடக்கும் இடத்தில் யார் நிற்பார், கட்டடம் யார் பொறுப்பு, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.