டீச்சரிடம் கேளுங்கள்: ஆகஸ்டு முதல் தேதி

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். கடைசி 14 வருடம் தலைமையாசிரியை.

எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஆர்.சி. பள்ளி. நாங்கள் இந்துக்கள். மகளை முதல் வகுப்பில் சேர்த்தால் பைபிள் படிக்கச் சொல்வார்களா?
*வாசகி, விருதுநகர்*

தாராளமாகச் சேருங்கள். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் புத்தகம் அரசு தருவதுதான். பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் என்ன பாடமோ, அதே மூன்று பருவப் பாடம்தான் இங்கேயும். மதபோதனையைப் பொறுத்தவரை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அதில் உட்காரச் சொல்லக் கூடாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவே இருக்கிறது. வழக்கம் என்னவென்றால், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் பீரியடில் (எங்கள் காலத்தில் ஞானோபதேசம் என்போம்) மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு.

வழக்கம் இதுதான், ஆனால் எங்கும் எப்போதும் அப்படியே நடந்தது என்று சொன்னால் பொய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறையும் இல்லை ஆளும் இல்லை என்று எல்லாரையும் ஒன்றாகவே உட்காரவைத்தோம். ஒரு நாள் ஒரு அப்பா வந்து, "டீச்சர், எம் மவன் சோத்துக்கு முன்னால சிலுவ போடுதான். எங்க ஆத்தா சண்டைக்கு வாரா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அடுத்த வாரத்திலிருந்து நன்னெறிப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அந்த வகுப்பில் பாதி நேரம் திருக்குறள், மீதி நேரம் நகம் பார்ப்பதும் தலையில் பேன் பார்ப்பதும்.

காலை வழிபாட்டில் ஒரு கிறிஸ்தவ ஜெபம் இருக்கும். உங்கள் மகள் சும்மா நின்றால் போதும். சேர்க்கிற அன்றே இதைத் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபாதர் நடத்தும் பள்ளிக்கு அரசு ஏன் சம்பளம் கொடுக்கிறது? உண்மையில் யார் முதலாளி?
*வாசகர், ஆரணி*

நல்ல கேள்வி. முப்பது வருடம் இரண்டு பேருக்கும் பதில் சொன்னவள் நான்.

பள்ளி மறைமாவட்டத்துடையது (ஒரு பிஷப்பின் கீழ் வரும் பகுதி அது), அல்லது ஏதாவது கன்னியர் சபையுடையது. தாளாளர், அதாவது நிர்வாகத்தின் சார்பில் பள்ளியைக் கவனிப்பவர், பெரும்பாலும் அந்த ஊர்ப் பங்குத்தந்தையாகவோ ஒரு சிஸ்டராகவோ இருப்பார். ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமை 30-வது பிரிவில் வருகிறது. ஆனால் அந்த நியமனத்துக்குக் கல்வித்துறை ஒப்புதல் கொடுத்தால்தான் அரசுச் சம்பளம். வட்டாரக் கல்வி அலுவலர் ஆண்டாய்வுக்கு வருவார். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, பிள்ளைகளின் வாசிப்பு எல்லாம் பார்ப்பார். ஒரே மறைமாவட்டத்துக்குள் எங்களுக்கு மாறுதலும் உண்டு. நான் நாலு பள்ளி மாறினேன்.

சம்பளம் அரசு என்றால், ஓடு உடைந்தால்? அது நிர்வாகத்தின் பாடு. பராமரிப்புக்கு வரும் மானியத்தை நம்பிக் கூரை மாற்ற முடியாது. புதிய ஃபாதர் கட்டடத்தில் ஆர்வமுள்ளவராக வந்தால் பள்ளிக்குச் சுண்ணாம்பு கிடைக்கும். மாதா கோவில் கோபுரத்தில் ஆர்வமுள்ளவராக வந்தால் கிடைக்காது. வெளிநாட்டுப் பணம் கொட்டுகிறது என்று பேசுபவர்கள் எங்கள் கழிப்பறைக் கதவை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். 2004-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு ஓலைக் கொட்டகையை எல்லாம் பிரிக்கச் சொன்னார்கள். எங்கள் சத்துணவுக் கூடமும் ஓலைதான். தகரம் போட பழைய மாணவர்கள் வீட்டுக்கெல்லாம் நானும் சிஸ்டரும் ரசீது புத்தகத்தோடு அலைந்தோம்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் 50 பிள்ளைகளுக்கு இரண்டே டீச்சர். ஐந்து வகுப்பை எப்படி நடத்துகிறார்கள்?
*வாசகர், பரமக்குடி*

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஆகஸ்டு முதல் தேதி பதிவேட்டில் எத்தனை பேரோ அதுதான் கணக்கு. ஒரு தலை குறைந்தால் மூன்றாவது ஆசிரியர் உபரி. வேறு பள்ளிக்குப் போக வேண்டும். ஜூலை மாதம் எங்களுக்குத் தூக்கம் வராது.

2013-இல் எங்களிடம் சரியாக 60 பேர். அப்போது பதநீர் சீசன். பனையேறிக் குடும்பங்கள் பல, ஊரைவிட்டுத் தேரிப் பக்கம் (செம்மணல் மேடு) விடிலி போட்டு, அதாவது கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசை போட்டு, தங்கியிருந்தன. அதில் ஒரு வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருப்பது நினைவுக்கு வந்தது. ஜூலை 30, சாயங்காலம் செம்மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த அம்மா கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "பதம் வந்துட்டு டீச்சர், இப்ப எந்திரிச்சா எல்லாம் போச்சு, உக்காருங்க" என்றாள். ஊற்றி முடிக்கும்வரை உட்கார்ந்தேன். மறுநாள் பையன் இடுப்பில் நிற்காத டவுசரோடு வந்து சேர்ந்தான். மூன்றாவது டீச்சரின் வேலை அவனால்தான் நின்றது. அந்தப் பெரிய மனுஷன் முதல் மாதம் முழுக்க அழுதான் என்பது வேறு விஷயம்.

சரி, இரண்டே பேர் என்றால் என்ன செய்வது? ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றை வைத்துக்கொள்வார், மற்றவர் நாலையும் ஐந்தையும். ஒரு கூட்டத்துக்குப் பாடம் நடக்கும்போது இன்னொரு கூட்டம் எழுதும். 2007-இல், அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். அட்டைகளைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, அந்தப் பலகையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஆளுக்கொரு கட்டம்; யாருக்கு ள வரவில்லை, யாருக்கு ழ வரவில்லை என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். சின்னப் பள்ளிக்கு அது பொருந்துகிறது.

தலைமையாசிரியருக்குத் தனி அறை, தனி நேரம் எதுவும் கிடையாது. கையில் சாக்பீஸோடுதான் சத்துணவு அரிசியை அளந்து கொடுக்க வேண்டும். அவர் ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டால் பள்ளிக்கு ஒரே டீச்சர். உங்கள் ஊரில் யாராவது அதைக் குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கட்டணம் எவ்வளவு கேட்பார்கள்?
*வாசகி, திருச்சி*

உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது. சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு என்றால் உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள்.

என் பேத்தி கிராமத்து ஆர்.சி. பள்ளியில் படிக்கிறாள். காலை உணவு அவளுக்கும் உண்டா?
*வாசகர், திருவண்ணாமலை*

உண்டு. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில்தான் தொடங்கிவைத்தார்கள்.

என் காலத்தில் மதியச் சோறு மட்டும்தான். திங்கட்கிழமை வழிபாட்டில் ஒரு பிள்ளையாவது மயங்கிச் சாயும். மேசை இழுப்பறையில் பன் ரொட்டி வாங்கி வைத்திருப்பேன்; அதற்காகவே மயங்குகிற ஒரு கள்ளனும் இருந்தான். போன மாதம் பழைய பள்ளிக்குப் போனேன். எட்டேகாலுக்கே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குக் கிச்சடி. உப்பு கொஞ்சம் கம்மி. பேத்தியைச் சீக்கிரம் அனுப்புங்கள். மணி அடித்த பிறகு வந்தால் பாத்திரம் கழுவியிருப்பார்கள்.